கண்ணாடியில் கரி

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள், நான் பார்த்த பெரிய சூரிய வெடிப்புகளைப் பற்றிச் சொல்லச் சொல்கிறீர்கள். அதைச் சொல்ல ஆள் நிறைய இருக்கிறார்கள். நான் சூரியன் சும்மா இருந்த நாட்களைப் பற்றிப் பேசப் போகிறேன். என் மானம் போனது அந்த நாட்களில்தான். இந்த வேலைக்கு நான் கொஞ்சமாவது லாயக்கானதும் அந்த நாட்களில்தான். நடுவில் கேள்வி கேட்காதீர்கள். எனக்குப் பொறுமை குறைவு, வீட்டில் விசாரித்தால் பட்டியலே தருவார்கள்.

ஐம்பதுகளின் தொடக்கம். ராயபுரத்தில் கடலைப் பார்த்த ஒரு பழைய கிடங்கின் மொட்டைமாடியில் எங்கள் நிலையம் இருந்தது. நிலையம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஓர் இருட்டறை. வெளியே மாடியில், சூரியனோடு கூடவே திரும்பும் ஒரு பெரிய கண்ணாடி. அது வெயிலைப் பிடித்துக் குழாய் வழியாக அறைக்குள் அனுப்பும். உள்ளே, சூரிய ஒளியில் ஒரே ஒரு சிவப்பை மட்டும் பிரித்துக் காட்டும் கருவி. அந்தச் சிவப்பில் பார்த்தால் சூரியனின் தரைக்கு மேலே படிந்திருக்கும் மெல்லிய வளிமண்டலம் தெரியும். சூரியனில் ஏதாவது பெரிதாக வெடித்தால் கப்பல்களின் கம்பியில்லாத் தந்தி கொஞ்ச நேரம் செத்துப்போகும். குற்றம் இயந்திரத்திலா, சூரியனிலா என்று துறைமுகத்துக்குச் சொல்வதற்காக எங்களை அங்கே உட்கார வைத்திருந்தார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த நேரம் பார்த்துச் சூரியன் அடங்கிவிட்டது. பதினோரு வருஷத்துக்கு ஒருமுறை அதற்கு அப்படி ஓர் ஓய்வுக் காலம் உண்டு. வாரக்கணக்கில் ஒரு புள்ளி கிடையாது, ஒரு வெடிப்பு கிடையாது. நான் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்ததை எங்கள் அதிகாரி பார்த்துவிட்டார். தெற்குச் சீமைக்காரர், யாரையும் 'நீர்' என்றுதான் பேசுவார். பெயரைச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது, விடுங்கள்.

"சும்மா இருக்கிற சூரியன் எப்படிச் சும்மா இருக்குன்னு பாரும்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவரே விளக்கினார். அடுப்பை விட்டுத் தள்ளிப்போனால் சூடு குறைய வேண்டும். சூரியனில் அப்படி இல்லை. தரையில் ஆறாயிரம் டிகிரிதான். அதற்கு எவ்வளவோ மேலே, மகுடம் என்கிற வெளி மண்டலத்தில் பத்து லட்சம் டிகிரி. புள்ளியே இல்லாத ஓய்வுக் காலத்திலும் அந்தச் சூடு இறங்குவதில்லை. பெரிய வெடிப்பு எதுவும் இல்லாதபோது அந்தச் சூட்டை மேலே ஏற்றுவது யார்? சின்னச் சின்னதாக ஏதாவது நடந்துகொண்டே இருக்கிறதோ? தினமும் காலையில் சூரியனின் அமைதியான ஓர் இடத்தை எடுத்துக்கொண்டு, ஒரு மணி நேரம் கண்ணை எடுக்காமல் பார்த்து, பட்டதையெல்லாம் பென்சிலால் வரைந்து குறிப்பேட்டில் எழுத வேண்டும். இதுதான் எனக்கு வந்த உத்தரவு. இன்று நீங்கள் எல்லாரும் முட்டி மோதிக்கொண்டிருக்கும் அதே கேள்வி. அன்று அது ராயபுரத்து மொட்டைமாடியில் ஒரு பென்சிலை நம்பி இருந்தது.

இப்போது தருமன். புளியந்தோப்பைச் சேர்ந்தவன், என் வயதுதான். வெளியே இருந்த பெரிய கண்ணாடி அவன் பொறுப்பு. அதைத் திருப்பும் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பான். கண்ணாடியைப் பஞ்சால், கைக்குழந்தையின் மூக்கைத் துடைப்பதுபோல் துடைப்பான். மூன்று வருஷமாகத் தினக்கூலி. அவனை நிரந்தரமாக்கும் காகிதம் தலைமை அலுவலகத்துக்குப் போயிருந்தது. வியாசர்பாடியில் கன்னியம்மா என்று ஒரு பெண்ணை அவனுக்குப் பேசியிருந்தார்கள். காகிதம் வந்த மறுநாள் தேதி குறிக்கலாம், அதுவரை பேச்சில்லை என்று பெண்ணின் தகப்பனார் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை தோறும் தருமன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வியாசர்பாடிப் பக்கம் ஒரு நடை போய், அந்த வீட்டை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் திரும்பி வருவான். அதை அவனே சொல்லிச் சிரிப்பான். எனக்கு அவனை ரொம்பப் பிடிக்கும். நான் செய்த காரியத்தைக் கேட்டால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

ராயபுரத்துக் கரியைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. ஒரு பக்கம் ரயில் எஞ்சின், ஒரு பக்கம் துறைமுகத்தில் இறக்கும் நிலக்கரி. காலையில் வெள்ளை வேட்டியோடு மாடியேறினால் மத்தியானம் சாம்பல் வேட்டியோடு இறங்குவோம். சோற்றில் கரி, காதில் கரி, மூக்கைச் சிந்தினால் கரி. நான் பிறந்து வளர்ந்ததே அங்கேதான். ஆகவே அமைதியான சூரியனில் முதல்முறையாக நகத்துணுக்கு அளவுக்கு ஒரு கறுப்பு கண்ணில் பட்டபோது நான் யோசிக்கவே இல்லை. அறைச் சுவரில் இருந்த சின்னக் கதவைத் திறந்து, "தருமா, கரி!" என்று கத்தினேன்.

அவன் பஞ்சோடு ஓடினான். ஒற்றி எடுத்தான். பத்து நிமிஷத்தில் அந்தக் கறுப்பு போய்விட்டது. துடைத்தான், போயிற்று, அப்படியானால் கரிதான். இதைவிட என்ன நிரூபணம் வேண்டும்? அதன் அடியில் ஊசிமுனை அளவுக்கு ஒரு வெளிச்சம் மினுக்கியதை நான் கவனித்தேன். கண்ணாடிப் பூச்சு லேசாக உரிந்திருக்கும் என்று அதற்கும் ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன்.

அப்படியே ஐந்து மாதம். வாரத்தில் மூன்று நான்கு முறை அந்த நகத்துணுக்கு வரும். நான் படத்தில் வரைவேன், "தருமா, கரி!" என்று கத்துவேன், குறிப்பேட்டில் எழுதுவேன். குறிப்பேடு ஆங்கிலத்தில்தான். ஆனால் கரிக்கு உள்ள ஆங்கிலச் சொல் எங்கள் ஊர்க் கரிக்குப் போதாது என்று எனக்கொரு கொழுப்பு. 'கரி' என்பதையே ஆங்கில எழுத்தில் எழுதிவந்தேன்.

அதன் நகல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தலைமை அலுவலகம் போகும். அங்கே தமிழ் தெரியாத யாரோ ஒரு புண்ணியவான் அதைக் 'கறி' என்று படித்துவிட்டுக் கடிதம் போட்டார். கண்ணாடியின் மேல் அடிக்கடி கறி விழுவதாகத் தெரிகிறது, பணி நேரத்தில் கருவிக்கு அருகே பணியாளர் உணவு உண்பது ஏன் என்று விளக்கம் கேட்டிருந்தார்.

அன்று நிலையமே குலுங்கியது. தருமன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். "இன்னா சார், கண்ணாடி மேல கறிக் கொயம்பா ஊத்திகினு கீற? எனுக்கு ஒரு பீசு குடுக்கக் கூடாதா?" என்றான். அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு, அது புகைக்கரி என்று பதில் எழுதினார்.

அடுத்த கடிதத்தில் சிரிக்க எதுவும் இல்லை. இத்தனை முறை கரி என்றால் கண்ணாடியைத் துடைப்பதற்கென்று வைத்திருக்கும் ஆள் என்ன செய்கிறார்? அவரை நிரந்தரமாக்கும் பரிந்துரை நிறுத்திவைக்கப்படுகிறது. வரும் திங்கட்கிழமை ஆய்வாளர் நேரில் வருவார். கவனக்குறைவு உறுதியானால் வேறு ஆள் நியமிக்கப்படும்.

அதிகாரி அதைத் தமிழில் படித்துச் சொன்னபோது தருமன் கையில் இருந்த பஞ்சைப் பார்த்துக்கொண்டே நின்றான். அவர் போன பிறகு என்னிடம் வந்தான்.

"சார், ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காத. கடக்காத்து அடிக்கிறப்பகூட நீ கரின்னு கத்திகீற. ரயிலு இந்தாண்ட கீது. கடலு அந்தாண்ட கீது. அந்தாண்டேருந்து காத்து வந்தா கரி எப்டி சார் வரும்? கடல்ல இன்னா அடுப்பா எரியுது?"

"எங்கேருந்தோ வருது. நான் கண்ணால பாக்கறேன் இல்லே?" என்றேன். எரிச்சலாகச் சொன்னேன். அவன் சொன்னதில் நியாயம் இருந்ததுதான் எரிச்சலுக்குக் காரணம்.

சனிக்கிழமை காலை நான் உள்ளே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சூரியன் துல்லியமாக இருந்தது. சின்னக் கதவு வழியாக அவன் குரல் வந்தது.

"சார், இப்ப கரி தெரிதா?"

"இல்லியே."

"நல்லாப் பாரு. நட்ட நடுவுல பாரு."

"சுத்தமா இருக்குய்யா. என்ன வேணும் உனக்கு?"

"கொஞ்சம் வெளிய வா சார்."

போனேன். பெரிய கண்ணாடியின் நட்ட நடுவில் கட்டைவிரல் அகலத்துக்குக் கரியை அப்பி வைத்திருந்தான். கைப்பிடிச் சுவரிலிருந்து வழித்த கரி. எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. கண்ணாடியில் விரல் வைப்பதே குற்றம். "அறிவிருக்கா உனக்கு?" என்று கத்தினேன்.

அவன் கத்தவில்லை. "எம்மாம் பெரிய கரி வெச்சிகீறேன். உனுக்குத் தெரில. பூச்சி சைசு கரி மட்டும் அஞ்சு மாசமா எப்டி சார் தெரிஞ்சிது?" என்றான்.

நான் அங்கேயே கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துவிட்டேன். உங்களுக்குப் புரிந்திருக்கும், நீங்கள் படித்தவர்கள். நானும் படித்தவன்தான், அதுதான் கொடுமை. மூக்குக்கண்ணாடியில் ஒட்டிய தூசி, எதிரே வரும் பஸ்ஸின் மேல் புள்ளியாகத் தெரியுமா? தெரியாது. வெளிக்கண்ணாடியில் கரி விழுந்தால் வெளிச்சம் ஒரு துளி குறையும், அவ்வளவுதான். கருவிக்குள், சூரிய பிம்பம் வந்து கூர்மையாக விழுகிற உள்கண்ணாடியில் தூசி இருந்தால்தான் புள்ளி தெரியும். முதல் வாரத்தில் சொல்லிக்கொடுக்கிற பாடம் இது. அந்த உள்கண்ணாடியைத் துடைப்பது தருமன் வேலை அல்ல. என் வேலை.

மறுநாள் ஞாயிறு. சூரியனுக்கு விடுமுறை கிடையாது, எங்களுக்கும் முறை வைத்து வேலை உண்டு. உள்கண்ணாடியை நன்றாகத் துடைத்துவிட்டு உட்கார்ந்தேன். எட்டரை மணி வாக்கில் நகத்துணுக்கு வந்தது. கருவியை ஒரு மயிரிழை தள்ளினேன். சூரியன் நகர்ந்தது, அந்தக் கறுப்பும் கூடவே நகர்ந்தது. உள்கண்ணாடித் தூசியாக இருந்தால் நின்ற இடத்திலேயே நின்றிருக்கும். முதல்முறையாக அதைக் கரி என்று நினைக்காமல் பார்த்தேன். அடியில் ஊசிமுனை வெளிச்சம் பளிச்சென்றது. அதிலிருந்து கறுப்பு இழை ஒன்று எழும்பி, வளைந்து, மெலிந்து, இல்லாமல் போனது. பத்தே நிமிஷம். எங்கள் ஊரைப்போல் நூறு ஊர் அதற்குள் காணாமல் போகும். செத்துக் கிடக்கிறது என்று நான் நினைத்த இடத்தில் ஐந்து மாதமாக இது நடந்துகொண்டிருந்திருக்கிறது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. வெட்கத்தால் அல்ல, அது பிறகு வந்தது. அவ்வளவு சந்தோஷம்.

தருமனை உள்ளே இழுத்தேன். வியாசர்பாடி நடைக்காகச் சலவைச் சட்டையில் இருந்தான். சட்டை கசங்காமல் குனிந்து பார்த்தான். அரைமணி நேரம் பொறுத்து இன்னொன்று கிளம்பியது.

"யப்பா! இன்னா சார் இது, எகிறுது!" என்றான். பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு மெதுவாக நிமிர்ந்து, "இத்தையா என்னத் தொடைக்கச் சொன்ன?" என்றான்.

இந்த இடத்தில் நான் நல்லவன் என்று நீங்கள் நினைத்தால் தப்பு. நான் அப்போது தகுதிகாண் பருவத்தில் இருந்தேன். முதல் வாரப் பாடத்தில் ஐந்து மாதம் கோட்டை விட்டவனை எந்த ஆய்வாளர் வைத்துக்கொள்வார்? எங்கள் குறிப்பேட்டில் அடித்தல் திருத்தல் கிடையாது. எழுதியது எழுதியதுதான். தப்பென்றால் பக்கத்திலேயே 'தப்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஆகவே நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். திங்கட்கிழமை ஆய்வாளரை உட்காரவைத்து ஒன்றை நேரில் காட்டிவிடலாம். "சார், புதிதாக ஒன்று கவனித்தோம்" என்று சொல்லலாம். அவர் அதில் மயங்கி, பழைய பக்கங்களைக் கேட்காமல் போய்விடுவார். தருமனுக்கும் வேலை, எனக்கும் வேலை.

"அப்போ புக்குல எய்தினது?" என்று கேட்டான் தருமன்.

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன். அவன் சட்டையை நீவிக்கொண்டு வெளியே போனான்.

திங்கட்கிழமை விடிந்தது. எண்ணூர்ப் பக்கமிருந்து மேகம் மூடிக்கொண்டு வந்தது. ஒன்பது மணிக்கு ஆய்வாளர் குடையோடு மாடியேறினார். அவசரக்காரர், மத்தியானம் ரயில் என்றார். "வெளுத்துடும் சார், கடலோர மேகம்" என்று நான் பத்து மணிக்குச் சொன்னேன், பத்தரைக்குச் சொன்னேன், பதினொன்றுக்கும் சொன்னேன். தூறல் விழ ஆரம்பித்தது. ஆய்வாளர் தருமனின் கோப்பை எடுத்து மேஜையில் வைத்துப் பேனாவைத் திறந்தார்.

எங்கள் அதிகாரி சன்னல் பக்கம் நின்றிருந்தார். என் தப்பு அவருக்குத் தெரியுமா, தெரியாதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். சின்னக் கதவு திறந்திருந்தது. வெளியே தருமன் கண்ணாடிக்குத் தார்ப்பாயைப் போர்த்தி, அது பறக்காமல் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு தூறலில் நின்றான். அவன் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூட நான் வேறு பக்கம் திரும்பியிருப்பேனோ என்னவோ. வேறு ஆள் வந்து துடைக்கப் போகிற கண்ணாடிக்காக அவன் அப்படி நனைந்துகொண்டிருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

"சார், அந்தக் கோப்பில் எழுதாதீர்கள். தப்பு என்னுடையது" என்றேன். குறிப்பேட்டை அவர் முன்னால் விரித்து, வெளிக்கண்ணாடிக் கரி பிம்பத்தில் தெரியாது என்பதில் ஆரம்பித்து, கத்தியது, துடைக்கச் சொன்னது, சனிக்கிழமை தருமன் வைத்த கட்டைவிரல் கரி, எல்லாவற்றையும் கொட்டினேன்.

ஆய்வாளர் முழுக்கக் கேட்டார். "அப்படியானால் நீங்கள் கரி என்று எழுதியதெல்லாம் சூரியனா?" என்றார்.

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அழகாக இருந்திருக்கும். வாய் வரைக்கும் வந்தது.

"இல்லை சார். படத்தில் உருவம் மாறி, நிமிஷக் கணக்கில் மறைந்தவை சூரியன். நாள் கணக்கில் ஒரே இடத்தில் நின்றவை என் உள்கண்ணாடியின் தூசி. சிலது எதுவென்று என்னால் சொல்ல முடியாது."

"சூரியனில் இருப்பவை என்ன?"

"தெரியாது சார்."

சன்னல் பக்கமிருந்து எங்கள் அதிகாரி, "அதையும் எழுதும்" என்றார்.

எழுதினேன். ஐந்து மாதப் பக்கங்களையும் புரட்டி, ஒவ்வொரு 'கரி'க்குப் பக்கத்திலும் எது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஆய்வாளர் ரயிலை விட்டுவிட்டு உட்கார்ந்து பார்த்தார். கடைசியில் தருமனின் கோப்பில், துடைப்பவர்மேல் குறையில்லை, நிரந்தரமாக்கலாம் என்று எழுதினார். என் கோப்பில், தகுதிகாண் பருவம் இன்னும் ஆறு மாதம் என்று எழுதினார். கீழே எங்கள் அதிகாரியும் ஒப்புக் கையெழுத்துப் போட்டுவிட்டு, என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காபி வாங்கிக் கொடுத்தார்.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். கண்ணில் பட்டதை ஒரு வரியில் எழுதுங்கள். காரணத்தை வேறு வரியில், வேறு நாளில் எழுதுங்கள். அவசரத்தில் எழுதுகிற காரணம் அப்பால் போய் யார் தலையிலாவது விழும், அந்தத் தலை பெரும்பாலும் உங்கள் தலையாக இருக்காது. தருமனின் காகிதம் வர இரண்டு மாதமானது. கன்னியம்மாவின் தகப்பனார் சொன்ன சொல் தவறாமல் மறுநாளே தேதி குறித்தார். கல்யாணப் பந்தியில் தருமன் என் இலையைக் காட்டி, "சாருக்கு நல்லாப் போடு, அவுரு கண்ணாடி மேல போட்டுத்தான் துன்னுவாரு" என்று மானத்தை வாங்கினான்.

ஆனால் நான் நினைத்துக்கொள்வது அந்தத் திங்கட்கிழமைச் சாயங்காலத்தைத்தான். காபி குடித்துவிட்டு மாடியேறினேன். ஆய்வாளர் போய்விட்டார். மேகமும், கேட்க வேண்டுமா, சுத்தமாகப் போய்விட்டது. தருமன் தார்ப்பாயை எடுத்து உதறிக்கொண்டிருந்தான்.

"இன்னா எய்தின? படி" என்றான்.

வெயிலில் உட்கார்ந்து குறிப்பேட்டைப் படித்துக் காட்டினேன். கரி அல்ல, சூரியன். கரி அல்ல, சூரியன். கரி அல்ல, என் தூசி. அங்கே மட்டும் அவன் சிரித்தான். "அப்போ கலீஜு உன் பக்கந்தான்" என்றான். ஒன்றையும் விடாமல் கடைசிவரை படிக்கச் சொன்னான். படித்து முடித்தேன்.

"என்னை மன்னிச்சுடு தருமா. அஞ்சு மாசமா உன்மேல போட்ட பழியை இப்பத்தான் தூக்கிச் சூரியன் மேல போட்டிருக்கேன்" என்றேன்.

அவன் பஞ்சை எடுத்துக்கொண்டு கண்ணாடிப் பக்கம் திரும்பினான்.

"அது தாங்கும் சார்" என்றான். "அதுக்கு வேலை பெர்மனென்ட்டு."